வழி சொல்பவரின் தகுதி

புதிதாகக் கைப்பேசி வாங்கியவர்கள் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதன் வழிகாட்டி சொன்னபடி போனால் போகவேண்டிய இடம் வருவதில்லை. தீவகத்தில் இந்தக் குறை அதிகம். பண்ணைத் தாம்போதியைத் தாண்டி, வேலணை வழியாக, தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன்னுக்குப் போகிறவருக்குத் திரையில் நேராக ஓடும் ஒழுங்கை, நேரில் ஒரு பனங்கூடலோடு நின்றுவிடலாம். காரைநகரிலிருந்து வருபவருக்கு ஊர்காவற்றுறை கண்ணுக்கெட்டிய தூரந்தான். ஆனால் இடையில் கடல் கிடக்கிறது. அதைக் கடக்கும் மிதவைக்கும் நம் பேச்சில் ‘பாதை’ என்றே பெயர். திரையிலும் அது ஒரு கோடுதான். இன்று பாதை ஓடுகிறதா, பழுதாகிக் கரையில் நிற்கிறதா என்பதை அந்தக் கோடு அறியாது.

இதற்காக யாரை நோவது? ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தை அனுப்புகின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் கைப்பேசி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். அமெரிக்கா வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கிய பின்னர், திறந்த வானத்தின் கீழ் இந்தக் கணிப்பு சில மீற்றர்களுக்குள் சரியாகவே இருக்கிறது. ஆனால் செய்மதி சொல்வது நாம் நிற்கும் இடத்தை மட்டுந்தான். எங்கே ஒழுங்கை இருக்கிறது, அதன் பெயர் என்ன, அது எங்கே முடிகிறது என்பதெல்லாம் எங்கோ இருந்து யாரோ வரைந்த வரைபடத்தின் கூற்று. முன்னது அளவீடு, பின்னது செய்தி. இரண்டும் ஒரே திரையில் ஒரே குரலில் வருவதால் இரண்டையும் ஒரே அளவில் நம்பிவிடுகிறோம்.

செய்தியைத் தரம் பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கிப்லாவை அறிவதில் ஷாஃபிஈ மத்ஹபு ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது. நேரில் உறுதியாக அறிய முடிந்தால் அதுவே முதன்மை. அடுத்தது, நேரடி அறிவோடு பேசும் நம்பகமான ஒருவரின் செய்தி. அதன் பின்னரே சூரியன், நட்சத்திரம் முதலியவற்றைக் கொண்டு தானே ஆராயும் இஜ்திஹாத். அதற்கும் இயலாதவருக்கே இன்னொருவரின் ஆய்வைப் பின்பற்றும் தக்லீத். இதை வகுத்தவர்கள் கருவிகளை வெறுத்தவர்கள் அல்லர். கிப்லாவைத் துல்லியமாகக் கணிக்கும் நோக்கோடு ஊர்களின் ஆயத்தொலைவுகளை அளக்க 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி தனி நூலே எழுதினார். கருவியை அவர்கள் அதற்குரிய இடத்தில் வைத்தார்கள் என்பதே செய்தி.

இந்த வரிசையில் பார்த்தால், கைப்பேசி சொல்லும் வழி பெரும்பாலும் தக்லீதுதான். சந்தியில் நிற்கும் கரம்பொன் பெரியவர் ஒருவரின் சொல்லோ நேரில் அறிந்தவரின் செய்தி. அவர் பக்கத்தில் நிற்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவது, மேலான சான்றை விட்டுக் கீழான சான்றைப் பிடிப்பதாகும். அதில் ஒரு சலாமும் இரண்டு வார்த்தைப் பேச்சும் கூட இழந்துபோகின்றன.

ஆனால் கேட்பதற்கு அங்கே ஆள் வேண்டுமே! 1990, 91இல் போரினால் தீவகத்தவர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரில் இரண்டு மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. ஒழுங்கைகளின் பெயரும், எந்த வளவு யாருடையது என்பதும், எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்பதும் அவர்களோடு புத்தளத்துக்கும் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போய்விட்டன. வரைபடத்தின் பிழைகளில் ஒரு பங்கு இந்த வெறுமையிலிருந்து வருவது. சான்று சொல்ல வேண்டியவர்கள் இல்லாத இடத்தில் கருவி ஊகத்தைத்தான் சொல்லும்.

ஆகவே கைப்பேசியின் மேல் எரிச்சல்படுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று படித்தவர்கள் நாம். ஓர் ஊரை நேரில் அறிந்தவரிடம் அந்த அறிவு ஓர் அமானிதம். சோனகத் தெருவின் குறுக்கொழுங்கைகளை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எவரும் திருத்தக்கூடிய வரைபடங்கள் இன்று இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் கையில் கைப்பேசியும் இருக்கிறது. மூத்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தால், நாளை ஊர் திரும்பும் ஒருவருக்குத் திரையில் தெரிவது, அறிந்தவர் சொன்ன வழியாக இருக்கும்.