சம்பந்தத்தில் மறைப்பு ஆகுமா?

மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாயும் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நம் கடைப் பையனுக்கும் தெரியும். குறையுள்ள சரக்கை விற்பது குற்றமன்று. குறையைச் சொல்லாமல் விற்பதே குற்றம். ஒரு மூட்டை அரிசிக்கு இவ்வளவு நாணயம் பார்க்கும் நாம், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது அதே நாணயத்தைப் பார்க்கிறோமா? இரத்தத்தில் வழிவழியாய் வரும் தலசீமியாவை மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன்.

மலேசியாவில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இதை உடலில் ஏந்தியிருப்பதாக மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏந்தியவர் நோயாளி அல்லர். கடை திறப்பார், கணக்கெழுதுவார், பேரன் பேத்தி காண்பார். சற்றுச் சோகை இருக்கலாம். அதை இரும்புச் சத்துக் குறைவென்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரும் உண்டு. தாயும் தந்தையும் ஒரே வகையை ஏந்தியவராய் அமைந்தால்தான் விபரீதம். அப்போது ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு, கடும் நோய் வரும் வாய்ப்பு. இங்கே நம் வியாபாரப் புத்தி தவறு செய்யும். “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது” என்று ஐந்தொகை போடுவது வீண். ஒவ்வொரு கருவுக்கும் கணக்குப் புதிதாய்த் தொடங்குகிறது.

ஆல்பா வகையின் கடுமையான குறையை இருபுறமும் பெற்ற குழந்தை, உடலெல்லாம் நீர் கோத்து, வயிற்றிலேயே இறக்கும்; அல்லது பிறந்த சில மணி நேரத்தில் இறக்கும். தாய்க்கும் இரத்தக் கொதிப்பு ஏறி உயிருக்கு ஆபத்து வரலாம். பீட்டா வகை வேறு விதமாய் ஏமாற்றும். பிள்ளை கொழுகொழுவென்றுதான் பிறக்கும். கருவிலேயே உண்டான ஹீமோகுளோபின் சில மாதம் அதைக் காக்கும். அது மாறியதும் பிள்ளை வெளுக்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். மலாய்க்காரரிடையே மிகுதியாய்க் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ என்பதும் பீட்டாவோடு சேர்ந்தால் இதே துன்பத்தைத் தரக்கூடும். மலாய்க் குடும்பங்களோடு கொண்டு கொடுக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தத்தில் கொடுத்தால் பயமில்லை என்போர், இதையும் கேட்கட்டும். ஒருவர் ஏந்தியவரானால் அவருடைய மாமன் பிள்ளையிடமோ சாச்சா பிள்ளையிடமோ அதே குறை இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. வெளியிலோ இருபதில், முப்பதில் ஒன்றுதான்.

இனிக் கேள்விக்கு வருவோம். மனிதன் சரக்கல்லன், ஏந்தியிருப்பது ஊனமும் அன்று, ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தின் முற்பகுதியை ஒப்புகிறேன். ஆனால், சரக்கில் ஏமாந்தவன் திரும்பக் கொடுத்துப் பணம் பெறுவான். இங்கே விலை கொடுப்பது பேச்சுக்கு உட்காராத ஒரு குழந்தை. அதற்கடுத்து விலை கொடுப்பவள் அதன் தாய். குறை இருபுறமும் இருந்தும் “பிள்ளை தங்காதவள்” என்ற பெயர் அவளுக்கு மட்டுமே வரும். ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

சொன்னால் தங்கைமார் வாழ்வும் கெடும் என்று ஒரு தகப்பன் அஞ்சுவது பொய்யச்சம் அன்று. மஸ்ஜித் இந்தியாவில் லுஹருக்குப் பேசியது மஃரிபுக்குள் பினாங்கு சூலியா தெருவுக்குப் போய்விடும். அதனால் கடமை இருபக்கமும் இருக்கிறது. சொல்பவர் மறைக்கக் கூடாது. கேட்டவர் அதை அமானிதமாய் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டதைக் கடைத்தெருவில் பரப்புகிறவனே மற்றவர்களை மறைக்கத் தூண்டுகிறான் என்பேன்.

மாப்பிள்ளையே முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அவரிடம் இல்லையென்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வர வழியில்லை. பெண்ணைச் சோதிக்கும் பேச்சே எழாது. பெண்ணைப் பெற்றவரை நடுங்க வைத்தே பழகிவிட்ட நம்மவருக்கு இந்த வரிசை புதிதாய்த் தோன்றலாம்.

இருவரும் ஏந்தியவர் என்று தெரிந்தால் நிக்காஹ் ஹராமாகிவிடாது. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் பரிசோதனை கட்டாயம். முடிவு எப்படியிருப்பினும் மணப்பதா வேண்டாமா என்பது அவ்விருவர் விருப்பமே. மணந்தால், பதினோராவது வாரம் முதல் கருவைச் சோதிக்க வழியுண்டு. மக்காவின் ஃபிக்ஹு மன்றம் 1990இல், தீராத கடும் குறையை மருத்துவர் குழு உறுதிசெய்தால், பெற்றோர் வேண்டுகோளின்பேரில் 120 நாளுக்குள் கருவைக் கலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தம் நிலைமை அதற்குள் அடங்குமா என்பதை ஆலிமிடமும் மருத்துவரிடமும் சேர்ந்தே கேட்க வேண்டும். கடையில் தேநீர் குடிக்கும் நண்பரிடமல்ல.

நம் நாட்டில் 2016இல் நான்காம் படிவ மாணவருக்குப் பரிசோதனை தொடங்கியது. பெற்றோர் கையெழுத்துக் கேட்டு வரும் தாளை, பிற்காலத்தில் சம்பந்தம் தடைப்படுமோ என்று மடக்கி வைத்துவிடுவோரும் இருக்கக்கூடும். பதினாறு வயதில், எந்த வீட்டிலும் பேச்சு எடுக்காத நேரத்தில், அந்த முடிவு ஒருவருக்கும் அவமானம் தராது. பந்தல் போட்டபின் வரும்போதுதான் இரு வீடும் குலையும்.