முழங்கால் தேறும் காலமும் மார்க்கம் தந்த சலுகையும்

அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகிறேன். எல்லாப் புகழும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இறைவன் நமக்கு அளித்துள்ள நிஃமத்துக்களை எண்ணி முடியாது. அவற்றுள் நடை ஒன்று. பாங்கு கேட்டதும் எழுந்து பள்ளிக்குப் போகிறோம், வயலுக்குப் போகிறோம், கடைத்தெருவுக்குப் போகிறோம். இதையெல்லாம் செய்விப்பது முழங்கால் என்ற ஒரு மூட்டு என்பதை, அது நோகும் வரையில் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. திருவாமாத்தூர்ப் பக்கம் பம்பையாற்றங்கரை வயல்களில் வரப்பு வழுக்கி விழுகிறவர் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் சாலைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறவர் உண்டு. கபடி விளையாட்டில் கால் திருகிக்கொள்ளும் வாலிபரும் உண்டு. இவர்களுக்கு வலி குறைந்து, எழுந்து உட்கார்ந்து, ‘இனி வெளியே போகலாமா?’ என்று மனம் துடிக்கும் காலம் ஒன்று வருகிறது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் இந்த உரை.

அந்தக் காலத்தில் மனிதன் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறான். ஒருவன் பொறுமையிழந்து, கட்டை அவிழ்த்த மறுநாளே மண்வெட்டியைத் தூக்குகிறான். இன்னொருவன் பயந்து, தேறிய பிறகும் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறான். முன்னவன் சரீரம் என்னும் அமானிதத்துக்குத் துரோகம் செய்கிறான். பின்னவன் திரும்பக் கிடைத்த நிஃமத்துக்கு நன்றி செலுத்தத் தவறுகிறான். நம் மார்க்கம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மதீனாவில் ஒரு முறை அன்னார் குதிரையில் ஏறியபோது, அது அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் தள்ளிவிட்டது. பாதம் பிசகிவிட்டது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. உடலின் வலப்புறம் சிராய்ந்துவிட்டது என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நடந்ததாக இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். நலம் விசாரிக்கச் சென்ற ஸஹாபாக்கள், அன்னார் ஆயிஷா (ரலி) அவர்களின் மாடி அறையில் உட்கார்ந்த நிலையில் தொழுது கொண்டிருப்பதைக் கண்டார்கள். இரவில் கால் வீங்க நின்று தொழுத அதே நபிதான், கால் பிசகியபோது பர்ளுத் தொழுகையையும் உட்கார்ந்து தொழுதார்கள்! அதை அன்னார் குறைவாக நினைக்கவில்லை. நாம் நினைக்கலாமா?

இதே நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 11இல், தம் இறுதி நோயின்போது, சற்றே தெம்பு வந்ததும் இரண்டு பேரின் தோள்களைப் பற்றிக்கொண்டு, பாதங்கள் தரையில் கோடிழுக்கப் பள்ளிக்கு வந்தார்கள். அவ்விருவர் அப்பாஸ் (ரலி), அலீ (ரலி) ஆவர். முடியாதபோது இருந்த இடத்திலேயே தொழுதார்கள். முடிந்தபோது துணையுடன் வெளியே வந்தார்கள். துணையை நாடுவதையும் வெட்கமாகக் கருதவில்லை.

இனி, சட்டத்தைப் பாருங்கள். நின்று தொழு, இயலாவிட்டால் உட்கார்ந்து தொழு, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்னும் கருத்தில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இது ஓர் ஏணி. நோய் வரும்போது படி இறங்குகிறோம்; தேறும்போது படி ஏறவேண்டும். உட்கார்ந்து ருகூஉ, ஸஜ்தா செய்து தொழுது கொண்டிருப்பவருக்குத் தொழுகையின் நடுவிலேயே நிற்கும் சக்தி வந்துவிட்டால், அவர் எழுந்து நின்று மீதியை நிறைவேற்ற வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளார்கள். கைத்தடியையோ சுவரையோ பற்றி நிற்க முடிகிறவர் அப்படியே நிற்கவேண்டும் என்றும் எழுதியுள்ளார்கள். ஆனால், நின்றால் நோய் கூடிவிடும், அல்லது தேறுவது தாமதப்படும் என்று தம் அனுபவத்தாலோ, தேர்ந்த வைத்தியர் சொல்லாலோ தெரிந்தவர் உட்காரலாம். ஆக, ‘எனக்கு வலிக்கிறதா?’ என்று மட்டும் பார்த்தால் போதாது. ‘இது என் குணத்தைத் தாமதப்படுத்துமா?’ என்பதையும் மார்க்கம் கணக்கில் எடுத்துக் கொள்கிறது. நிர்ப்பந்தத்துக்காகக் கிடைத்த சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கே என்பது நம் சட்ட அறிஞர்களின் விதி. நிர்ப்பந்தம் குறையக் குறையச் சலுகையும் குறையும்.

முழங்காலில் நோவுள்ளவர் அறிய வேண்டிய இன்னும் சில: ஒளூவில் கழுவவேண்டியது கணுக்கால் வரையே; முழங்காலில் மட்டும் கட்டு இருந்தால் ஒளூவுக்கு அது தடையில்லை. பிளாஸ்டர் கட்டு பாதம் வரை இறங்கியிருந்தால், அதன் மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் தயம்முமும் சேர்த்துச் செய்வதுண்டு. தரையில் ஸஜ்தா செய்ய முடியாதவர் சைகையால் தொழும்போது, ருகூஉவுக்குக் குனிவதைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் முடியாதவர் விஷயத்தில், ஹனஃபீ மத்ஹபில் உட்கார்ந்தே தொழுவது சிறந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் முடிந்த மட்டும் நிற்பது கட்டாயம். உங்கள் மஹல்லா ஆலிமிடம் உங்கள் காலின் நிலையைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

சகோதரர்களே! தொழுகையில் படிப்படியாக ஏறச் சொன்ன மார்க்கம், தெருவிலும் வயலிலும் மட்டும் தாவிக் குதிக்கச் சொல்லுமா? முழங்காலின் அமைப்பைச் சற்றே பாருங்கள். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம் அது. முன்னால் காவலாக முட்டிச் சில்லு. எலும்புகளை இழுத்துக் கட்டும் நார்களும், இடையே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பும் உள்ளன. இவை எல்லாவற்றையும் மக்கள் ‘ஜவ்வு’ என்றே சொல்கிறார்கள். அந்த மெத்தைக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே அது மெதுவாகவே ஆறும். மறுபுறம், கால் அசையாமல் கிடந்தால் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். அவசரமும் கெடுக்கும், அசையாமையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எனவே முதலில் தேர்ந்த வைத்தியரிடம் காட்டுங்கள். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது, ஏழைக்கும் வழியுண்டு. நார் அறுந்திருக்கிறதா, எலும்பு விரிசலா என்று தெரியாமல் எண்ணெய் நீவுவதும், இறுகக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பதும் வேண்டாம். வைத்தியர் அனுமதித்த பின் தொடைக்கான பயிற்சிகளைத் தவறாமல் செய்யுங்கள். கொஞ்சமானாலும் நிரந்தரமாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து இங்கேயும் நமக்கு வழிகாட்டும்.

பிறகு வெளியே வாருங்கள். முதலில் வாசல் வரை. பிறகு சமதரையில் தெருமுனை வரை. பிறகு பள்ளிவாசல் வரை. கைத்தடியை நோவுள்ள காலின் பக்கம் பிடிக்காதீர்கள். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடியுங்கள். படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வையுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். ஹவுளின் பாசி பிடித்த ஓரத்தில் எச்சரிக்கையாக இருங்கள். வரப்பும், சேறும், கரும்பு வெட்டிய கட்டைகள் நிற்கும் நிலமும் கடைசிப் படி. முந்தின நாள் நடந்த நடையால் மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால், அது ‘நேற்று அதிகம்’ என்று கால் சொல்லும் சாட்சி. ஒரு படி இறங்கிக் கொள்ளுங்கள். கால் திடீரென்று மடங்கி விட்டாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, சிவந்து காய்ச்சல் கண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ தாமதியாமல் வைத்தியரிடம் போங்கள். அத்துடன் மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். வாலிபத் தம்பிகளே! நார் அறுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் கபடி, கால்பந்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்கிறார்கள் வைத்தியர்கள். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக மூன்றாம் மாதத்தில் களத்தில் இறங்காதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

தம்மைத் தாமே வருத்திக்கொள்வதுதான் பக்தி என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. நடந்தே போவதாக நேர்ச்சை செய்து, தம் இரு புதல்வர்களுக்கிடையே தொங்கியபடி நடந்து வந்த ஒரு முதியவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். இவர் தம்மை இப்படி வேதனைப்படுத்திக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் கூறி, வாகனத்தில் ஏறும்படி கட்டளையிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. முழங்கால் ஆறாத நிலையில், ‘மாடிப்படி ஏறி வழக்கமான இடத்தில்தான் தொழுவேன், தராவீஹ் இருபது ரக்அத்தும் நின்றே தீருவேன்’ என்று பிடிவாதம் பிடிப்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, சுற்றியிருக்கும் நமக்கு. பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. ‘எனக்குச் சலுகை உண்டா?’ என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் மிகவும் கோபமுற்று, அவரைக் கொன்றவர்கள் இவர்களே என்ற கருத்தில் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வந்துள்ளது. அப்படியிருக்க, நாற்காலியில் தொழுகிறவரைப் பார்த்து, ‘கடைத்தெருவில் நடக்கிறவருக்குப் பள்ளியில் மட்டும் நாற்காலியா?’ என்று கேலி பேசலாமா? நடப்பது வேறு, முழங்காலை முழுவதும் மடக்கி ஸஜ்தாவுக்குப் போவது வேறு. அவருடைய மூட்டு அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும்தான் தெரியும். நம் நாக்கு ஒருவரைக் குணமாகு முன் மடங்கச் செய்து, மீண்டும் ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பழி யாருடையது?

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்மகன் காலை முறித்துக்கொண்டால் கட்டிலும் கஞ்சியும் கிடைக்கின்றன. அதே வீட்டுப் பெண்மணி வழுக்கி விழுந்தால் எத்தனை நாள் ஓய்வு கிடைக்கிறது? மூன்றாம் நாள் குந்தியிருந்து பாத்திரம் துலக்குகிறாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள். மணிலாக்கொட்டைக் காட்டில் களையெடுக்கப் போகிறாள். முழங்காலுக்கு மிகவும் ஆகாதது குந்தியிருப்பதும் பாரம் தூக்குவதும்தான். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் பங்கெடுத்துக் கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தாயும் மனைவியும் மருமகளும் தேறும் வரை அந்தக் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அது ஸுன்னத்து.

ஜமாஅத்தாருக்கும் கடமை உண்டு. தினக்கூலி வாங்குகிறவர் ஆறாத காலுடன் கரும்பு வெட்டப் போவது ஆசையினால் அல்ல. அடுப்பு எரிய வேண்டுமே என்பதால். அவருக்கு ‘பொறுமையாயிருங்கள்’ என்று உபதேசம் செய்துவிட்டு வந்துவிட்டால் போதுமா? அந்தச் சில மாதங்களுக்கு அவர் வீட்டுக்கு அரிசி போய்ச் சேரும்படி பைத்துல்மாலிலிருந்தோ, ஸதகாவிலிருந்தோ ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியின் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி, ஹவுளருகே வழுக்காத விரிப்பு, ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு நாற்காலி: இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம், வந்து சேரும் துஆக்கள் ஏராளம்.

வெளியே வரமுடியாமல் நாட்களைக் கழிப்பவர்களே! கலங்காதீர்கள். அடியான் நோயுற்றால், ஆரோக்கியமாக இருந்தபோது அவன் வழமையாகச் செய்த அமல்கள் அவனுக்கு எழுதப்படும் என்னும் நற்செய்தியை அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி பதிவு செய்துள்ளது. நீங்கள் பள்ளிக்கு நடந்த அடிகள் நின்றுபோகவில்லை, ஏட்டில் தொடர்கின்றன. முடவர் மீதும் நோயாளி மீதும் குற்றமில்லை என்று அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17ஆம் ஆயத்து அறிவிக்கிறது. ஆனால் தெம்பு திரும்பியதும், அந்த ஏட்டில் எழுத வேண்டியவர் மீண்டும் நீங்களே. அன்று நோயைச் சாக்காகக் கொண்டு கட்டிலிலேயே இருந்துவிடாதீர்கள். தடியுடனாவது, மகனின் தோளைப் பற்றியாவது முதல் அடியை வையுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி வையுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! நீ கொடுத்த சலுகையை நன்றியுடன் ஏற்கவும், நீ திருப்பித் தரும் பலத்தை உன் வழியில் நடத்தவும் எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.