ஓய்வுநாளும் மறுநாட் கருமமும்

ஒரு செயல் தக்கதாதலும் தகாததாதலும் அச்செயலின் இயல்பினாலோ, செய்வோன் கருதிய பயனாலோ என்பது அறநூலார் நெடிது ஆராயும் வினாவாகும். யூதரது சமயச் சட்டத்திலே இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உளது.

யூதர் வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் தொடங்கிச் சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றுங்காறும் ஓய்வுநாள் அனுட்டிப்பர். அந்நாளில் விலக்கற்பாலனவாக உழுதல், நெய்தல், தீமூட்டல் முதலிய 39 தொழில்களை அவர்தம் மிஷ்னா என்னும் நூல் வகுத்துரைக்கும். படுக்கை விரித்தலும் பாத்திரங் கழுவுதலும் அவற்றுள் அடங்கா. ஆயினும், ஓய்வுநாளில் மறுநாளைக்கென்று செய்யப்படின் இவையும் விலக்கப்படும். இவ்விலக்கு எபிரேய மொழியில் 'ஹகானா', அஃதாவது ஆயத்தஞ்செய்தல், எனப்படும்.

வெள்ளி இரவிலே மறுநாட் பகலுக்காகப் படுக்கை விரிக்கலாம். ஓய்வுநாளிலே அது கழிந்தபின் வரும் இரவுக்காக விரித்தலாகாது. இரவில் உண்ட கலங்களைக் காலையுணவின்பொருட்டுக் கழுவலாம். அந்நாளின் இறுதியுணவு முடிந்தபின் கழுவலாகாது. நீரருந்துங் கிண்ணங்களையோ நாள்முழுதுங் கழுவலாம். பருகுதற்கு வரையறுத்த வேளையில்லை யாதலின் என்பது தல்மூத் கூறும் நியாயம். உறங்குதல் அந்நாளின் இன்பங்களுள் ஒன்று. எனினும், "இரவிலே தொழில் செய்தற்பொருட்டு இப்பொழுது உறங்குவேன்" என்று சொல்லுதல் தகாது என்பர்.

அற்றேல், கலங் கழுவுதல் எவ்வேளையும் ஒன்றேயன்றோ? இத்துணைச் சிறு கருமத்துக்கும் விதி வேண்டுமோ எனின், வேண்டும் என்க. மறுநாளின் வேலைக்குத் துணையாய் நிற்கும் புனிதநாள் அம்மறுநாளுக்கு ஏவலாளாய் முடியும். பின்னர் அதற்குத் தனிப்பெருமை யாது? மறுநாளிற் பயன்படுதல்தானே குற்றமன்று. உண்டு கலைந்து கிடக்கும் மேசை அந்நாளின் மாண்புக்கு இழுக்காயின், அதனை அப்பொழுதே ஒழுங்குசெய்யலாம். அவ்வொழுங்கு மறுநாளும் உதவுதல் தடையன்று. எப்பயனைக் குறித்துக் கை நீட்டினோம் என்பதே ஆராயத்தக்கது.

சைவாசிரியர்களாகிய நாமும் இதனைச் சிந்தித்தல் நன்று. போட்டியிற் பெறும் பரிசிலின்பொருட்டே திருமுறை ஓதும் மாணாக்கன் பண்ணும் சொல்லும் வழுவாது ஓதக்கூடும். அவனுக்கு ஓதுதல் பரிசிலுக்கு ஏவலாயிற்று. அன்பினால் ஓதுவானுக்குப் பரிசில் வரினும் இழுக்கில்லை. வெளிப்பார்வைக்கு இருவர் ஓதலும் ஒன்றே. பரிசிலை மாத்திரங் காட்டி ஓதுவிப்போமாயின், அவ்விரண்டனையும் பிரித்தறியும் ஆற்றலை மாணாக்கர் யாரிடம் பெறுவர்?