அனுமதி கேளாத கை

காட்டுப்பள்ளித் துறைமுகத்தினுள் அனுமதிச் சீட்டின்றி எவரும் நுழைய இயலாது. நம் வீட்டுக் கணினிக்கோ நாம் காவலே வைப்பதில்லை. “மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்போரும் உளர்.

ஒற்றனை அரபு மொழி ‘ஜாஸூஸ்’ என்னும். கையால் தொட்டுத் துழாவுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். உளவு மென்பொருள் செய்வதும் அதுவேயன்றோ! நாம் தட்டும் எழுத்துகளைத் துழாவி எடுத்துப் பிறருக்கு அனுப்புகிறது. பூட்டை உடைத்தன்று, பெரும்பாலும் இலவசம் என்று நாமே ஏற்றுக்கொண்டவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

காவல் மிகுந்த இடமும் இதற்கு விலக்கன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகக் கணினியொன்றில் தீய நிரல் புகுந்ததை 2019 அக்டோபரில் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிலையத்தை இயக்கும் கட்டமைப்பு தனித்திருந்ததால் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது.

வீட்டிற்கும் அதுவே பாடம். பிள்ளைகள் புழங்கும் கணக்கைத் தனியே பிரித்து, நிரல் நிறுவும் உரிமையை அதற்கு அளியாதிருப்போம். மூலம் அறியாத நிரலை ஏற்காதிருப்போம். இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பிப்போம்.

கணினியில் உள்ளவை நம் இரகசியங்கள் மட்டுமல்ல. நண்பர் கடன் கேட்டு எழுதிய மடலும், உறவினர் அனுப்பிய மருத்துவ அறிக்கையும் அங்கே உள்ளன. அவை அமானிதம். நமக்குரியதை இழக்க நமக்கு உரிமையுண்டு. பிறர் நம்பி ஒப்படைத்ததை இழக்க உரிமை ஏது?