தொடாமல் எழும் நாதம்

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பு ஏகாந்தமாக ஒலிக்கும் வீணைக்கு 24 மெட்டுகளின் துணை உண்டு. திருச்சிச் சீமை ஈன்ற லால்குடி ஜெயராமன் கையாண்ட பிடிலுக்கு மெட்டில்லையாயினும், விரல் பதியத் தந்தி உண்டு. 1920ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் கண்டுபிடித்த, அவர் பெயராலேயே வழங்கும் மின்வாத்தியத்திற்கோ அதுவும் இல்லை. செங்குத்தாக நிற்கும் கம்பியை வலக்கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். பக்கத்து வளையத்தை இடக்கை நெருங்க நெருங்க ஒலி அடங்கும்.

ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியெல்லாம் காதில் விழுமாதலால், அவ்வழியைக் கமகமாக மிளிரவிடுவதா, இடக்கையால் மறைப்பதா என்பதை வாசிப்பவர் கணந்தோறும் நிர்ணயித்தாக வேண்டும். பிடிலில் பயின்ற கிளாரா ராக்மோர் தெரமினில் மேலை சாஸ்திரீய சங்கீதத்தைச் சுத்தமாக வாசித்ததும், 1945இல் ‘ஸ்பெல்பவுண்ட்’ திரைப்படத்தில் மனக்கலக்கத்தின் குரலாக அது ஒலித்ததும், பின்னர் ஜிம்மி பேஜ் அதனை ராக் மேடைக்குக் கொணர்ந்து அவ்வப்போதைய கற்பனைக்கு இடமளித்ததும் இந்நிர்ணயத்தின் வெவ்வேறு வடிவங்களே.

மனோதர்மம் என்பது கட்டற்ற சுதந்திரமன்று; பற்றுவதற்கு ஏதுமில்லாத வெளியிலும் ஸ்வரஸ்தானத்தைப் பிறழாது கண்டுகொள்ளுமளவு செவியைப் பண்படுத்திய அப்பியாசமே, கலைஞன் துணிந்து கற்பனை செய்யும் உரிமையை அவனுக்கு அளிக்கிறது.