மடி தொடும் கை

பெட்டைக் குதிரையின் மடி சிறியது, பின்தொடைகளுக்கிடையே ஒளிந்திருப்பது. பசுவுக்கு நான்கு காம்புகள், இதற்கு இரண்டுதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள மடிப்பில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் செத்த தோலும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகிவிடும். அரிப்பெடுத்தால் குதிரை வாலின் அடியைச் சுவரில் தேய்க்கும். பார்ப்பவர்கள் குடற்புழு என்று மருந்து கொடுப்பார்கள். வேண்டியதோ வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும்தான். ஆனால் துணியோடு கை அங்கே போனால் பல குதிரைகள் காதை மடக்குகின்றன, வயிற்றை எக்கிக்கொள்கின்றன, உதைக்கின்றன. நன்மை செய்யப் போன கையை உதைப்பது வெறும் அறியாமையா, அல்லது அதற்கும் ஒரு நியாயம் உண்டா என்பதே என் கேள்வி.

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு குதிரையைப் பற்றி என்ன விசாரம் என்று நண்பர்கள் கேட்கலாம். இந்தத் தெற்குப் பாதை ஒரு காலத்தில் குதிரைகளின் பாதை. பரங்கிமலையில் மதராஸ் பீரங்கிப் படை இருந்தது. கிண்டியில் பந்தயம் நடந்தது. அங்கேயே, 1899-இல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில் மருந்துக்காகக் குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஜட்கா போய் வெகுகாலமாகிவிட்டது. இன்று புறநகரில் குதிரை என்றால் பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருவதுதான்.

நமக்குப் பழக்கம் பசு. அது உதைக்காததால் சம்மதிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். பின்னங்காலைக் கயிற்றால் பிணைப்பதையும், செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்துவதையும் வசதியாக மறந்துவிடுகிறோம். பால் சுரக்க வேண்டி மாட்டின் பிறப்புறுப்பில் காற்றூதும் வழக்கத்தை, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் தன் 12-ஆம் பிரிவில் தனியே குறிப்பிட்டுக் குற்றமாக்க வேண்டியிருந்தது. பசுவின் சாது குணம் என்று நாம் புகழ்வதில் பெரும்பங்கு, சாதுவானவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கியதன் விளைவு. குதிரையை நாம் முதுகுக்காகத் தேர்ந்தோம், மடிக்காக அல்ல. அதனால் அதன் மடி இன்னும் அதனுடையதாகவே இருக்கிறது. குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குடிக்கும் மங்கோலியர்கள்கூட முதலில் குட்டியை ஊட்டவிட்டு, அதைத் தாயின் அருகிலேயே நிறுத்திக்கொண்டுதான் கறக்கிறார்கள். மனிதக் கை அங்கே குட்டியின் பெயரால் நுழைகிறது.

அடக்கவும் வழி உண்டு. மேலுதட்டைக் கயிற்று வளையத்துக்குள் விட்டு முறுக்கிப் பிடித்தால் குதிரை அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்போது அதன் ரத்தத்தில் எண்டார்ஃபின், அதாவது உடம்பே சுரந்துகொள்ளும் அபினி போன்ற ஒரு பொருள், கூடுகிறது என்று 1984-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். வலி மரத்துப்போவதால் இது இரக்கமான முறை என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் அமைதியைச் சம்மதம் என்று வாசிக்கும் நம் பழக்கம் இங்கே உடைந்துபோகிறது. குதிரை நிற்பது வாஸ்தவம். ஒப்புக்கொண்டு நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தொழில் தெரிந்தவர் வேறு விதமாகப் போவதைப் பல்லாவரம் பக்கம் பார்த்திருக்கிறேன். முதலில் தோளில் உள்ளங்கை. அதை எடுக்காமலேயே விலா வழியாக அடிவயிற்றுக்கு வருகிறார். உடம்போடு ஒட்டி நிற்கிறார். கூசும்படி விரல் நுனியால் தொடுவதில்லை. குதிரை இறுகினால் கை அங்கேயே நிற்கிறது; தசை தளர்ந்த பிறகு எடுத்துவிடுகிறார். இன்று வயிறு வரை, நாளை தொடை வரை. இதுவும் ஒரு தந்திரம்தானே என்று கேட்கலாம். தந்திரம் தன்னை மறைத்துக்கொள்ளும். இந்தக் கையோ ஒவ்வோர் அங்குலமும் தன்னை அறிவித்துக்கொண்டு போகிறது. கேட்பது என்பது வாயால் மட்டும் நடக்கிற காரியமல்ல. 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடம் வைத்திருக்கும் எந்தச் செய்கையும் கேள்விதான். தவிர, உதை சில சமயம் தகவலும்கூட. மடி வீங்கிச் சுட்டால் அது நோய். உதைத்ததற்காக அடிப்பவன் அந்தத் தகவலையும் இழக்கிறான்.

காத்திருக்க முடியாத நேரமும் உண்டு. முதல் முறை ஈன்ற குதிரை சில சமயம் தன் குட்டியையே மடியருகில் விடாது. குதிரை இனத்தில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். ஒரு நாள் கழிந்துவிட்டால் குட்டியின் குடல் அவற்றை ஏற்காது. அப்போது தாயைப் பிடித்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். கிண்டியில் நடந்ததும் இதற்குத் தொலைவானதல்ல. பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் விளைந்த எதிர்ப்புப் பொருளைப் பிரித்தே விஷமுறிவு மருந்து செய்தார்கள். வரப்பில் கடிபட்டவன் அதனால் பிழைத்தான். குட்டிக்குக் கொடுக்கும் அதே வகைப் பொருளைக் குதிரையிடமிருந்து நாமும் வாங்கிக்கொண்டோம். அவசியம் பொய்யல்ல. ஆனால் அவசியம் கேள்வியை ஒத்திப்போடுகிறதே தவிர, தீர்ப்பதில்லை. கட்டாயத்தால் தொட்டவன் கடன்பட்டவன்.

மடி என்ற சொல் தமிழில் விசித்திரமானது. பால் சுரப்பது மடி; குழந்தை படுப்பது மடி; ஆசார வீடுகளில் 'மடி' என்றால் தொடாதே. இந்தக் கடைசி அர்த்தத்தின் அநியாயம் நமக்குத் தெரியும். அங்கே 'தொடாதே' மேலிருந்து கீழே வந்தது. பிறன் உடம்பை இழிவாக்கவே வந்தது. குதிரையின் 'தொடாதே' கீழிருந்து மேலே வருகிறது. தன் உடம்பு தன்னுடையது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. முதலாவதை ஒழித்தாக வேண்டும். இரண்டாவதைக் கேட்கக் காது வேண்டும். ஒன்றை எதிர்க்கிற வேகத்தில் தொடுவதெல்லாமே அன்பு என்று நம்பிவிடுகிறோம்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் நோயாளிகளுடன் வந்து தங்குபவர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிடும் கை நல்ல கைதான். 'துடைக்கட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை கைகள் நிற்கின்றன? குதிரையிடம் நாம் நிற்பது உதைக்கு அஞ்சி. உதைக்க வலுவில்லாதவரிடமும் அதேபோல் நிற்க முடிந்தால்தான் அது தர்மம்.