ஆறு அங்குலத்தின் அறம்

அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை. வீட்டுக் கராஜில் பிக்கப் ஒன்று ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிறது. முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றியாயிற்று. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து யூ-போல்ட்டை முறுக்குகிறார்கள். பிரேக் ஹோஸ் நீளம் எட்டுமா? பால் ஜாயின்ட் அந்தக் கோணத்தைத் தாங்குமா? வீல் அலைன்மென்ட் எப்போது? எல்லாமே நியாயமான கேள்விகள். மாலைக்குள் வண்டி ஆறு அங்குலம் உயர்ந்துவிடும். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: இந்த உயரத்துக்கு விலை கொடுக்கப்போவது யார்?

"காசு கொடுத்தவன் நான்தானே" என்பீர்கள். லிஃப்ட் கிட்டுக்குக் கொடுத்தீர்கள். உயரத்துக்கு?

கணக்குப் பார்ப்போம். தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் வரும் இடியைக் காரின் பம்பர் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பிக்கப்புக்கு அந்த விதி கிடையாது. சஸ்பென்ஷனை ஏற்றினால் சேசிஸும் பம்பரும் சேர்ந்தே ஏறும். அதன் பிறகு அது முட்டப்போவது எதிர்க்காரின் பம்பரையா, கதவோரம் உட்கார்ந்திருப்பவரின் விலாவையா?

நடந்து போகிறவர் கதை இன்னும் மோசம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் ஏறத்தாழ 18,000 மோதல்களை ஆராய்ந்தது. 30 அங்குலத்துக்குள் சரிந்த பானெட் உள்ள காரைவிட, 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உள்ள வண்டி பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. அது தொழிற்சாலை கொடுத்த உயரம். அதற்கு மேல்தான் நீங்கள் ஆறு அங்குலம் ஏற்றுகிறீர்கள். காலில் பட வேண்டிய அடி மார்பில் படுகிறது. குழந்தைக்கோ, தலையில்.

2022இல் அந்த நாட்டில் 7,500க்கும் மேற்பட்ட பாதசாரிகள் வண்டி மோதி இறந்தார்கள். எல்லாரும் உயர்த்திய வண்டிகளால் அல்ல. ஆனால் எத்தனை சாவு வீடுகளில் "கடவுள் அழைத்துக்கொண்டார்" என்ற குரல் கேட்டிருக்கும்! கடவுளா பானெட்டின் உயரத்தை முடிவு செய்தார்? விதி தன் வேலையைச் செய்ய டார்க் ரெஞ்ச் கேட்பதில்லை. கேட்டவர் நீங்கள்.

"உயர உட்கார்ந்தால் பாதுகாப்பு" என்பதும் மூடநம்பிக்கைதான். ஈர்ப்பு மையம் ஏறினால் கவிழும் வாய்ப்பும் ஏறும். சேற்று நிலத்தில் தீவனம் ஏற்றிப் போகும் விவசாயிக்கு உயரம் ஒரு கருவி. அவரோடு எனக்கு வழக்கில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் உங்கள் வண்டி எந்தப் பாறையைத் தாண்டப் போகிறது?

"சட்டம் தடுக்கவில்லையே?" வண்டியின் மூக்கை மட்டும் வானத்துக்குத் தூக்கும் 'கரோலினா ஸ்குவாட்'டை வட கரோலினா 2021 டிசம்பர் 1 முதல் தடுத்தது. முன் ஃபெண்டர் பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கக் கூடாது. அப்படியானால், நவம்பர் 30 அன்று சாலையை மறைத்த அதே மூக்கு மறுநாள்தான் தவறானதா? சட்டம் எழுந்து வரும்வரை மனசாட்சி தூங்கலாம் என்று யார் சொன்னது?

என்னை நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி அடுக்கைப் பம்பரை ஒட்டி வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். அடுக்கின் உச்சி கண்ணில் படும்வரை அதை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். இறங்கி வந்து அந்த இடைவெளியை அடிக்கணக்கில் அளந்து பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்: உயரமா, மனிதரா?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அளந்த பிறகும், "குழந்தை தெரியவில்லை" என்பது உண்மையாக இருக்கலாம். "எனக்குத் தெரியவில்லை" என்பது பொய்.